எட்டுக் கால் வைத்தது நான்தான்

நான் மறுக்கவில்லை. எங்கள் விவசாயக் கந்தோரின் களஞ்சிய அறையில் கொக்கியில் தொங்குகிற அந்த மிருகத்துக்கு எட்டுக் கால் வைத்தது நான்தான். வேறு யாரையும் போய்க் கேட்க வேண்டாம்.

போன மாதம் ஷர்மிளா தொலைபேசியில் அழைத்தாள். எனக்குப் பிறகு அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்த விவசாயப் போதனாசிரியை அவள். களஞ்சியத்துக்கு வெள்ளை அடிப்பதற்காகச் சாமான்களை இறக்கியிருக்கிறார்கள். பழைய பசளைச் சாக்குகளுக்குப் பின்னால் தென்னந்தும்பும் குடைக்கம்பியும் மீன்வலையுமாக ஏதோ தொங்க, வெள்ளை அடிக்க வந்த மனிசன் ஏணியிலிருந்து குதித்தே விட்டானாம்.

"மிஸ், இது என்ன சாமான்? தொட்டாக் காலெல்லாம் ஆடுது. காவலாளி எரிக்கச் சொல்றார்."

"எரிச்சுப் பாருங்க, நான் வந்து உங்கள எரிக்கிறன்" என்றேன். பதினைந்து வருடமாகிறது, இன்னும் கால் ஆடுகிறது என்றால் செய்த வேலையின் தரத்தைப் பாருங்கள்.

அவள் சிரித்தாள். ஒரு நாடகத்துக்காக நான் செய்த எட்டுக்கால் பேய் அது என்றதும் கேட்டாள்: "அது சரி மிஸ், வயலுக்கு நன்மை செய்யிற சிலந்தியப் போய் ஏன் பேயாச் செஞ்சீங்க? என்ட மகள் போன்ல பாக்கிற கதையெல்லாம் இதுதான். வண்டு, சிலந்தி, மட்டத்தேள். ஒரு கதையிலயாவது மான் வந்து ஆளக் கடிச்சிருக்கா?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். என் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய வேலை ஒன்று உண்டு. அது நானே செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்கியது. பிழையைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொன்னால் அது அரைக் கதை.

விவசாயப் பாடசாலையில் படித்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பூச்சிகளை ஊசியால் குத்திப் பெட்டியில் வைத்தோம். பெயர்களைப் பாடமாக்கினோம். ஆரையம்பதியில் கிடுகுக் கூரைக்குக் கீழே வளர்ந்தவள் நான். கூரையிலிருந்து பாயில் மட்டத்தேள், அதாவது பெரிய பூரான், விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவள். பெட்டிக்குள் இருந்த செத்த பூச்சிக்கே கண்ணை மூடிக்கொண்டுதான் ஊசி குத்தினேன். எப்படியோ சித்தியடைந்தேன்.

உண்மையில் நான் படித்தது ஹனிபா சேரிடம். ஏறாவூர்க்காரர். உதவிப் பணிப்பாளராக இருந்தவர், 'ஏ.டி. ஐயா' என்றுதான் சனம் சொல்லும். சத்தம் போட மாட்டார். சத்தம் போடுகிறவரையாவது சமாளிக்கலாம். இவர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் கஷ்டம். வயலுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றி, முனை இரண்டும் ரோட்டைப் பார்க்கிற மாதிரி வரம்பில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். 'பூச்சி' என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். எது என்று பெயர் சொல்வார். பெயர் தெரியாவிட்டால் "தெரியா" என்று சொல்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, ஒரு வயலைப் பார்த்துவிட்டு ஓடிப்போய், "சேர், வயல் முழுக்கப் பூச்சி!" என்றேன்.

"முழுக்கண்டா எத்தின?"

"நிறைய, சேர்."

"எண்ணினீங்களா?"

அவர் எழும்பி என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வயலுக்கே போனார். கையில் இரண்டு சாமான்கள்: கம்பியை வளைத்துச் செய்த ஓரடிச் சதுரச் சட்டம் ஒன்று, வெள்ளை எனாமல் கோப்பை, அதாவது அகலத் தட்டு, ஒன்று. வயலுக்கு முதுகைக் காட்டி நின்று சட்டத்தைத் தலைக்கு மேலால் பின்பக்கம் எறிய வேண்டும். விழுந்த இடத்துக்குப் போய், சட்டத்துக்குள் நிற்கிற பயிரைக் கோப்பைக்கு மேல் சரித்து, உள்ளங்கையால் மூன்று தட்டு. வெள்ளையில் விழுந்ததை எண்ணிக் குறிப்புப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். பயிரைத் தின்கிறது ஒரு நிரலில், தின்கிறதைத் தின்கிறது மற்ற நிரலில். பத்து இடம். பிறகுதான் மருந்தைப் பற்றிய பேச்சு.

"ஏன் சேர் பாக்காம எறியணும்?"

"பாத்து எறிஞ்சா நீங்க பயந்த இடத்துக்குத்தான் கை போகும்" என்றார். "பயத்துக்கு எண்ணத் தெரியா, மிஸ்."

அன்று என் கோப்பையில் விழுந்த முதலாவது சிலந்தியைக் கண்டு கோப்பையை வாய்க்காலில் போட்டேன். அவர் இறங்கி எடுத்துக் கழுவி என் கையில் தந்துவிட்டு, "மறுகா" என்றார். மறுபடியும் என்கிற அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பத்து இடமும் எண்ணி முடிக்கும் வரைக்கும் நான் அழுதுகொண்டுதான் எண்ணினேன். ஆனால் எண்ணினேன்.

இனி எட்டுக் கால் விஷயத்துக்கு வருகிறேன்.

சண்டை ஓய்ந்து சனம் மண்டூர்ப் பக்கத்து வயல்களுக்குத் திரும்பிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வருடத்து மாரிகாலச் சாகுபடியான பெரும்போகத்தில் அறக்கொட்டியான் வந்தது. அரிசி அளவு கபில நிறப் பூச்சி. நெல்லின் அடித்தண்டில், தண்ணீருக்குச் சற்று மேலே, கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றைக் குடிக்கும். மேலே நின்று பார்க்கிறவனுக்குப் பயிர் பச்சையாகத்தான் தெரியும். திடீரென்று ஒரு நாள் வயல் நடுவில் வட்டமாகக் காய்ந்து எரிந்துபோய்க் கிடக்கும். அப்போது தலையில் கை வைத்து ஒன்றும் ஆகாது. குனிந்து அடித்தண்டைப் பாருங்கள் என்று சொல்வதுதான் என் வேலை.

சொல்வதற்குக் கூட்டம் வைத்தேன். யார் வந்தது? வட்டைக்கு, அதாவது அந்த வயல்வெளிக்கு, பொறுப்பான வட்டைவிதானை வந்தார். இரண்டு வயசாளிகள் வந்து நித்திரை கொண்டார்கள். ஒரு நாய் கடைசி வரைக்கும் விழித்திருந்தது.

"கூட்டம் எண்டா ஆர் மிஸ் வருவாங்க? நாடகம் எண்டாச் சொல்லுங்க, சட்டி பானையோட வருவாங்க" என்றார் தங்கராசா அண்ணன். எங்கள் கந்தோர் வாகனச் சாரதி. ஊர்க் கூத்தில் அரசனுக்கு ஆடுகிறவர், அந்த நடை வாகனம் கழுவும்போதும் வரும்.

நல்ல யோசனையாகப் பட்டது. பயிரைக் குடிக்கிற பூதம், பயந்து ஓடுகிற சனம், கடைசியில் குனிந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்கிற ஒரு விவசாயி. கதையை நானே எழுதினேன். ஹனிபா சேர் அந்த நேரம் மூன்று கிழமைப் பயிற்சிக்காகக் கண்டிப் பக்கம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கடதாசியை வாசித்துவிட்டு, "நல்லா இரிக்கி. காட்டுற உருவம் சரியா இரிக்கணும். அது ஒண்டுதான்" என்றார். போய்விட்டார்.

கமுக மரத்தைப் பிளந்த சிலாகையில் உடம்பு, மேலே மீன்வலை, வலைக்கு மேல் தும்பு. அறக்கொட்டியானுக்கு ஆறு கால். ஆகவே ஆறு காலே வைத்தோம். தங்கராசா அண்ணனின் சொந்தக் கை கால் நான்கு, குடைக்கம்பியில் கட்டியது இரண்டு. பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தோம். அவர் உறுமிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சின்னவள் கிட்டப் போய் அவர் முதுகைத் தடவி, "மாடு" என்றாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய், எனக்கு எது பயம் என்று யோசித்தேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டே.

முதலாவது, முகம். புலிக்கு முகம் இருக்கிறது. கோபம் வந்தால் தெரியும், பசித்தால் தெரியும், கண்ணைப் பார்த்துக் கெஞ்சக்கூட மனம் வரும். மட்டத்தேளிடம் எதைப் பார்த்துக் கெஞ்சுவது? அதற்கு இமைகூட இல்லை. என்ன நினைக்கிறது என்று ஒருக்காலும் தெரியாது. இரண்டாவது, நடை. நாலு கால் நடையை நம் உடம்புக்கு விளங்கும், நாமும் தவழ்ந்து வந்தவர்கள்தானே. அதற்கு மேல் கால் கூடினால் எந்தக் கால் முதலில் வரும் என்று கண்ணுக்குப் பிடிபடாது, உடம்பு கூசும். மூன்றாவது, வரத்து. யானை வந்தால் வேலி முறிகிற சத்தம் கேட்கும். இவை கதவைப் பூட்டிய பிறகு பாய்க்கடியில் இருக்கும்.

ஆகவே மாட்டின் முகத்தைப் பிடுங்கினேன். கண் என்று இரண்டு வைக்காமல் சோடா மூடிகளைக் கொத்தாக ஒட்டினேன். வாயைத் திறக்காமல் பக்கவாட்டில் ஆடுகிற மாதிரி இரண்டு இடுக்கி வைத்தேன். "இன்னும் ரெண்டு கால் போடுவம் மிஸ்?" என்றார் தங்கராசா அண்ணன். போட்டோம். எல்லாக் காலையும் சைக்கிள் ரியூப் துண்டால் கோத்து, அவர் ஒரு கையை அசைத்தால் நான்கு கால் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும்படி செய்தேன். எட்டுக் கால் என்றால் அது அறக்கொட்டியான் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். படித்தவள்தானே. நாடகத்துக்குத்தானே, யார் காலை எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கோயிலடி வெளியில் பின்னேரம் நாலு மணிக்கு நாடகம். ஊர் முழுக்க வந்தது. மிருகம் அரச மரத்துக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் எழும்பிய ஓட்டத்தில் இரண்டு பாய் கிழிந்தது. பெரிய ஆம்பிளைகள் கதிரைக்கு மேல் காலைத் தூக்கினார்கள். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துக் குருமண்வெளித் துறையில் 'பாதை'யில், அதாவது எங்களையும் மோட்டார் சைக்கிளையும் ஆற்றைக் கடத்துகிற மிதவையில், ஏறி அந்தப் பக்கம் போனேன். நேசம்மாவின் வயல்தான் முதல். நேசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவவின் தாய்வழிச் சீதனக் காணி, இரண்டு ஏக்கர். ஆனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து அண்ணன் சிவலிங்கம்தான் அதைச் செய்துவந்தார். அந்தப் போகம்தான் நேசம்மா, "இந்தமுறை நானே செய்யிறன் அண்ணன்" என்று கேட்டு வாங்கியிருந்தா. அண்ணன் நாலு பேருக்கு முன்னால் சம்மதித்தார்: "செய். வெள்ளாமை பிழையாப் போனா இனி வயல் பக்கம் வரப்படா. நான்தான் செய்வன்." வட்டை முழுக்க அந்த வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் நேசம்மா வரம்பில் ஓடி வந்தா. முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ்! உங்கட பேய ஒண்டு விடாம முடிச்சிட்டன்!"

"எந்தப் பேய்?"

"அந்த எட்டுக்கால் பேய்தான். வெள்ளணப் பனியில பாத்தா வயல் முழுக்க வலை விரிச்சிருந்திச்சு மிஸ். முந்தி நான் கவனிக்கவே இல்ல. நீங்க காட்டின பிறகுதான் கண்ணுக்குப் பட்டுது. ரெண்டு டாங்கி மருந்தடிச்சன். பக்கத்து வயல்காரரும் அடிச்சிட்டாங்க. இப்ப ஒரு வலை இல்ல, பாருங்க!"

பார்த்தேன். ஒரு வலை இல்லை. சட்டத்தை முதுகுக்குப் பின்னால் எறிந்தேன். கோப்பையில் அறக்கொட்டியான் குஞ்சு குஞ்சாக விழுந்தது. மற்ற நிரலில் ஒன்றுமில்லை. இரண்டாவது இடத்திலும் ஒன்றுமில்லை. பத்து இடத்திலும் ஒன்றுமில்லை. அறக்கொட்டியானைப் பிடித்துத் தின்கிறது சிலந்தி. அந்த வயலுக்குச் சம்பளமில்லாத காவல்காரன். அதைக் கொல்லச் சொல்லி ஊருக்கு மேடை போட்டுக் கற்றுக்கொடுத்தது நான்.

அங்கே வரம்பில் நின்றபோதுதான் இன்னொன்றும் விளங்கியது. கதைக்காரர் ஏன் பூச்சியைத் தேடிப் போகிறார்கள் என்றால், கொன்றால் ஒருவரும் அழமாட்டார்கள். மானைக் கொன்றால் கதை கேட்கிறவனுக்கு மனம் கலங்கும். புலியைக் கொன்றாலும் கொஞ்சம் கலங்கும். சிலந்தியைக் கொன்றால் கை தட்டுவான். கணக்குக் கேட்க யாருமில்லாத எதிரி அது. நானும் அந்த வசதியைத்தான் எடுத்திருந்தேன்.

நேசம்மாவுக்கு அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "இனி மருந்தடிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கம்.

அடுத்த கிழமை நேசம்மாவின் வயலில் பாயளவு வட்டமாக மூன்று இடம் காய்ந்தது. ஹனிபா சேர் அன்றுதான் திரும்பி வந்திருந்தார். வயலில் இறங்கச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் முழுக்கச் சொன்னேன். அவர் சப்பாத்தை ரோட்டைப் பார்க்க வைத்தார். நிமிர்ந்தார்.

"எத்தின கால் போட்டீங்க?"

"எட்டு, சேர்."

"ஏன்?"

"ஆறு போட்டாச் சிரிச்சாங்க, சேர்."

அவர் காற்சட்டைக் காலை முழங்கால் வரைக்கும் மடித்தார். நான் இடமாற்றக் கடிதத்தை மனதுக்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"சிரிச்சா என்ன மிஸ்? சிரிச்சவங்க ஒண்டையும் கொல்லல்லயே" என்றார். பிறகு, "நீங்க சொன்னத்தத்தான் சனம் கேட்டிரிக்கி. அப்ப நீங்கதான் போய்ச் சொல்லணும். அதே இடத்தில, அதே சாமானோட" என்றார்.

கைநோட்டீஸ் அடிக்கலாமா என்று கேட்டேன். "பயத்த நோட்டீஸ் அடிச்சு மாத்த ஏலா" என்றார்.

மறுநாள் பின்னேரம் அதே கோயிலடி. தங்கராசா அண்ணனுக்குக் காய்ச்சல். உண்மையான காய்ச்சலா, அரசனுக்கு ஆடுகிறவருக்குத் தோற்ற பேயாக வர மனமில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே நான் உள்ளே இறங்கினேன். நான் ஒல்லி இல்லை. கமுகஞ்சிலாகை முறிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அரச மரத்துக்குப் பின்னாலிருந்து இறங்கினேன். பிள்ளைகள் கத்தினார்கள். இந்தமுறை எதிரே வட்டைவிதானையின் மருமகன், முதலில் செய்ததைப் போல அன்று பகல் புதிதாகக் கட்டிய ஆறுகால் மாட்டு உருவத்தைப் போட்டுக்கொண்டு, நெற்கட்டைச் சப்புகிற மாதிரி நின்றான். நான் போய் அவனைப் பிடித்து அமத்தித் தின்றேன். எட்டுக்கால் ஏன் ஆறுகாலைத் தின்கிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

அப்போது தலையைக் கழற்றினேன். வியர்வையில் தும்பெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது.

"நான் உங்களுக்குப் பிழையா ஒண்டக் காட்டிட்டன்" என்றேன். "பயிரக் குடிக்கிறதுக்கு ஆறு கால். அதப் பிடிக்கிறதுக்கு எட்டுக் கால். நீங்க பயப்படணும் எண்டு நான்தான் ரெண்டு காலக் கூடப் போட்டன். நீங்க சாகடிச்சது உங்கட காவல்காரன. குற்றம் என்ட. வயலில இனி மருந்தடிச்சா மிச்சமிரிக்கிற காவலும் போயிரும்."

யாரோ பின்னாலிருந்து, "மிஸ் அண்டைக்கு ஒண்டு சொல்றா, இண்டைக்கு ஒண்டு சொல்றா" என்றார்கள். வேறு யாரோ, "பேயக் கொண்டுவந்து வயலுக்க விடப்போறா!" என்றார்கள். சிரிப்பு. சிவலிங்கம் எழும்பி வேட்டியை உதறிக் கட்டினார். "எழும்பு நேசம். நாளைக்கு நான் வந்து மருந்தடிக்கிறன். உன்ட விளையாட்டுப் போதும்."

நேசம்மா எழும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. "மிஸ், மருந்தடிக்காட்டி என்ன செய்யிற?" என்று கேட்டா. அந்தக் கூட்டத்தில் வந்த ஒரேயொரு கேள்வி அதுதான்.

செய்ய வேண்டியதைச் சொன்னேன். வரம்பில் வக்கடையை வெட்டித் தண்ணீரை வடிய விட வேண்டும், அறக்கொட்டியானுக்கு ஈரம்தான் சுகம். யூரியா போடக் கூடாது. போன போகத்து வைக்கோலைக் குடத்தளவு கட்டாகக் கட்டி, மருந்துபடாத ஆற்றங்கரைப் புதர்ப் பற்றைகளுக்குள் இரண்டு நாள் வைக்க வேண்டும். சிலந்தி நிழல் தேடி அதற்குள் போய்ச் சேரும். பிறகு கட்டைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து வயலில் தடிநட்டு வைக்க வேண்டும். ஹனிபா சேர் முன்பு வேறொரு வட்டையில் செய்து காட்டியது. ஒன்றும் என் கண்டுபிடிப்பில்லை.

முப்பது கட்டுக் கட்டினோம், நேசம்மாவும் நானும் ஹனிபா சேரும். மூன்றாம் நாள் விடியக் கட்டுகளைத் தூக்க வந்தபோது நேசம்மா பற்றையடியில் நின்றுவிட்டா. "எனக்கும் பயம்தான் மிஸ்" என்றா. "எனக்கும்தான்" என்றேன். பொய்யில்லை. முதலாவது கட்டை இடுப்பில் வைத்து நடந்தபோது, கைவிரல் அகலச் சிலந்தி ஒன்று வெளியே வந்து அவவின் முழங்கை வரைக்கும் நடந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றா. "கடவுளே கடவுளே" என்றா. கட்டு விழவில்லை. நான் என் முதல் கோப்பையை வாய்க்காலில் போட்டவள். அவ போடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய எண்ணினோம். முதல் நாள் மாற்றமில்லை. இரண்டாம் நாள் அறக்கொட்டியான் கூடியது. காய்ந்த வட்டமும் ஓரடி அகன்றது. ஊரார் வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் நேசம்மா சாப்பிடவில்லை. "மிஸ், பிழையாப் போச்சா?" என்றா. "எண்ணுவம்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஐந்தாம் நாள் காலை சிவலிங்கம் முதுகில் டாங்கியோடு வந்தார். மருந்து கலந்தே கொண்டுவந்திருந்தார், மணம் தூரத்திலேயே அடித்தது. நேசம்மா சேற்றிலிருந்து ஏறி வரம்புக்குக் குறுக்கே நின்றா.

"அண்ணன், வரம்பு மட்டும் வாங்க. இறங்க வேணாம்."

"விசர்க் கதை கதையாத. முழு வயலும் போகப்போகுது."

"போனா என்ட வயல்தான் போகும். அண்டைக்கு நாலு பேருக்கு முன்னால தந்த நீங்க. போகம் இன்னும் முடியல்ல."

அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேசம்மா கம்பிச் சட்டத்தை அவர் கையில் கொடுத்தா.

"நீங்களே எறிங்க அண்ணன். கிறுகி நிண்டு, பாக்காம எறியணும். நான் நல்ல இடத்தக் காட்டினன் எண்டு மறுகா சொல்லப்படா."

அந்த இடத்தில் நான் பேசினால் கெட்டுவிடும் என்று மட்டும் விளங்கியது. சிவலிங்கம் சட்டத்தை வாங்கினார். டாங்கியோடேயே திரும்பி நின்று எறிந்தார். அது போய் விழுந்தது எங்கே தெரியுமா? காய்ந்த வட்டத்தின் விளிம்பில். இருக்கிறதிலேயே மோசமான இடம்.

நேசம்மா பயிரைச் சரித்து மூன்று தட்டுத் தட்டினா. கோப்பையை அண்ணனிடமே நீட்டினா. அவர் குனிந்து விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். அறக்கொட்டியான் முதல்நாள் எண்ணியதில் பாதியும் இல்லை. சிலந்தி நாலு. அதிலொன்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோப்பைக்குள் ஓர் அறக்கொட்டியானைப் பிடித்து வாயில் வைத்தது.

அவர் மறுகா எறிந்தார். மறுகாவும் எறிந்தார். ஆறாவது இடத்தில் வெயில் ஏறிவிட்டது. டாங்கியைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு மிச்ச நாலு இடத்தையும் எண்ணினார். முடிந்ததும் கோப்பையைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். என்னிடம், "வைக்கோல் மிச்சம் கிடக்கா மிஸ்?" என்றார். வட்டைக்கு அடுத்த பக்கம் அவருடைய சொந்த வயலும் மருந்தடித்த வயல்தான்.

நேசம்மாவின் வயலில் அந்த மூன்று வட்டமும் போனது போனதுதான். மிச்சம் முழுக்க விளைந்தது. கதிரறுத்துச் சூடடித்த அன்று ஹனிபா சேர் வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வயலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எனக்கு ஒரு பாராட்டும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போகத்து அறிக்கையில் என் பிழைக்கு ஒரு வரியும், அதைத் திருத்தியதற்கு மூன்று வரியும் எழுதியிருந்தார். கையொப்பம் வைக்க முதல் எனக்கு வாசிக்கத் தந்தார். "கால் எண்ணிக்கை சரியா பாருங்க" என்றார். அவர் பகிடி விட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான். நான் சிரிக்கவில்லை. வெளியே போய் வாகனத்துக்குப் பின்னால் நின்று அழுதேன், சந்தோசத்தில்தான்.

ஆகவே ஷர்மிளா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். முகம் தெரியாததால் பயப்படுகிறோம். கொன்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் கதையில் வைக்கிறோம். அதில் பெரிய பாவமில்லை, உங்கள் மகள் பார்க்கட்டும், பயப்படட்டும். எனக்கும் மட்டத்தேளைக் கண்டால் இன்றும் காலெல்லாம் கூசும். ஆனால் படம் முடிந்ததும் அவளை ஒருநாள் விடியப் பனியோடு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கம்பிச் சட்டத்தைக் கையில் கொடுங்கள். அந்த மிருகத்தை எரிக்க வேண்டாம், வெள்ளை காய்ந்ததும் திரும்பக் கொக்கியில் மாட்டுங்கள். ரியூப் துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டிவரும்.

நேசம்மா இப்போதும் அந்த இரண்டு ஏக்கரைத் தானே செய்கிறா. ஒவ்வொரு பெரும்போகமும் பயிர் கிளம்பிய நாட்களில் ஒரு காலை என் தொலைபேசி அடிக்கும். இந்த வருடமும் அடித்தது.

"மிஸ், உங்கட பேய் வந்திட்டு. வயல் முழுக்க வலை."

"முழுக்கண்டா எத்தின?"

"பத்து இடத்தில எண்ணிட்டன் மிஸ். பாக்காமத்தான் எறிஞ்சன்."